பஸ்ஸுக்காக எழுதிய மனு

என்னுடைய இடமாற்றத்தை நிறுத்திய மனுவுக்கு இருபதுக்குப் பதினெட்டுப் புள்ளி போட்டவள் நான்தான். சிவப்புப் பேனையால் திருத்தி, ஓரத்தில் "நன்று, இன்னும் அழுத்தமாக எழுதவும்" என்று குறிப்பும் எழுதி, கீழே கையெழுத்தும் வைத்திருக்கிறேன். இனி யாரைப் போய்க் குறை சொல்ல?

என் பெயர் சிபானா. ஆலங்குடாப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினொரு வருஷமாகக் குடியியல் படிப்பிக்கிறேன். கீழ் வகுப்புகளில் அந்தப் பாடத்துக்கு நீளமான பெயர்: வாழ்க்கைத் தேர்ச்சியும் குடியியற் கல்வியும். வாழ்க்கையும் தேர்ச்சியும் குடியியலும் கல்வியும் நாற்பது நிமிஷத்துக்குள் முடிய வேண்டும். அதற்குள்ளே கொஞ்சம் பொருளியலையும் நானாகத் திணித்து வைப்பேன். தேவை எது, ஆசை எது, ஒன்றை எடுத்தால் எதை விட்டோம், இப்படி. கடைசியாகச் சொன்னதற்கு அமையச் செலவு என்று பெயர். ரெண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால், எடுக்காமல் விட்ட மற்றதுதான் நாம் கொடுத்த விலை. அவ்வளவுதான்.

இதற்கு ஒரு உதாரணம் கேட்டபோது ஒன்பதாம் வகுப்பு டிலக்சன் எழும்பிச் சொன்னான்.

"கடலுக்குப் போனா உங்கட பாடம் போகும் டீச்சர். பாடத்துக்கு வந்தா மீன் போகும்."

"எது பெரிய நட்டம்?"

"மீன், டீச்சர்."

சரி என்று புள்ளி போட்டேன். பொய் சொல்லவா படிப்பிக்கிறேன்?

என் வீடு தில்லையடியில். காலையில் அஞ்சே முக்காலுக்குச் சந்தியில் நின்றால் கல்பிட்டிக்குப் போகிற சிவப்பு பஸ் வரும். அதை விட்டால் அடுத்தது ஏழு மணிக்குப் பிறகு. பள்ளிக்கூடத்தில் ஏழரைக்கு வரவுப் புத்தகத்தில் சிவப்புக்கோடு போட்டு விடுவார்கள். அதற்குக் கீழே கையெழுத்து வைத்தால் பிந்தினவள். ஆகையால் அஞ்சே முக்கால் பஸ்தான். என் மகள் ஷஸ்னா எழும்புவது ஆறு மணிக்கு.

ஷஸ்னாவுக்கு ஆறு வயது. இந்த வருஷம்தான் முதலாம் வகுப்பு, போன வருஷம் நேசரி. அவளுடைய வாப்பா கட்டாரில். அவளை எழுப்பி, முகம் கழுவி, தலை சீவி, பாணில் பட்டர் பூசிக் கொடுத்து, கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்தில் விட்டு, பன்னிரண்டு மணிக்குப் போய்க் கூட்டி வருவது என் மதினி றைஸா. தங்கமான மனுஷி. அவள் மேல் எனக்குக் கோபமே இல்லை. அதுதான் கஷ்டம். கோபம் இருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இரண்டு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு, மூன்றரைக்கு நான் வீட்டுக்குள் காலை வைக்கும்போது ஷஸ்னாவின் அன்றைக்கான கதை எல்லாம் மாமியிடம் சொல்லி முடிந்திருக்கும். எனக்குச் சொல்லச் சொன்னால், "மாமிக்கிட்ட சொல்லிட்டேனே" என்பாள். ஒரே கதையை ரெண்டு தரம் சொல்ல அவளுக்கு என்ன தலைவிதியா?

ஆகையால் நாலு வருஷமாக இடமாற்றம் கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் அதிபர் பதியுதீன் சேர் முதல் வருஷமே ஒன்று சொன்னார். "வரவு நல்லா இருந்தாத்தான் டீச்சர், நான் துணிஞ்சு சிபாரிசு எழுதலாம்." அதைப் பிடித்துக்கொண்டேன். போன வருஷம் முழுக்க நான் வராத நாள் ரெண்டு. ஒன்று காய்ச்சல். மற்றது பஸ் வரவில்லை.

இப்போது பஸ் கதைக்கு வருகிறேன்.

இந்த வருஷத் தொடக்கத்தில் அந்தக் காலை பஸ்ஸை வேறு பாதைக்கு அனுப்பப் போவதாக டிப்போவில் கதை. தலவில தேவாலயப் பெருநாள் நாட்களைத் தவிர அதில் ஆள் இல்லையாம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் நான் தனியாகக் கத்தி என்ன செய்ய? ஒன்பதாம் வகுப்பில் பொதுச்சேவை பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. முப்பத்தொரு பிள்ளைகள். அதில் பதின்மூன்று பேர் அதே பஸ்ஸில் வருகிறவர்கள்.

"மனு எழுதுங்க" என்றேன். "விளையாட்டுக்கு இல்ல. அனுப்பத்தான்."

வகுப்புத் தலைவி நஸ்லியா எழுதினாள். அவளுடைய வாப்பா பாலாவியில் உப்புப் பாத்தி வைத்திருக்கிறவர். பிள்ளை பேசுவது கொஞ்சம், எழுதுவது அதிகம். முதல் தரம் கொண்டு வந்ததில், "எங்கள் பஸ் மிகவும் நல்ல பஸ்" என்று இருந்தது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"நல்ல பஸ்ஸா? ஏறிப் பார்த்திருக்கியா நீ? குறையை முதல்ல எழுது. குறையே இல்லாத மனுவ ஒருத்தனும் நம்ப மாட்டான்."

அடுத்த வரியில், "நிறையப் பேர் ஏறுகிறார்கள்" என்று இருந்தது. "நிறைய எண்டா எத்தனை? எண்ணு. எண்ணிட்டு எழுது" என்றேன். எண்ணினார்கள். மூன்று கிழமை டிலக்சன் பின் சீட்டில் இருந்து ஏறுகிற ஆட்களை எண்ணிக் கொப்பியில் எழுதினான். நடுவில் தெருக்கரையில் அலைச்சறுக்குக்கு வந்த வெள்ளைக்காரர் பெரிய பட்டத்தோடு கடலுக்கு இறங்குவதைப் பார்த்து ஒரு நாள் கணக்கு விடுபட்டது. "அந்த நாளையும் விடுபட்டது எண்டே எழுது. ஒளிச்சா மற்றதையும் நம்ப மாட்டாங்க" என்றேன்.

இது போனால் பதிலுக்கு என்ன இருக்கிறது என்று எழுது என்றேன். பஸ் போகப் போகிற மற்றப் பாதை ஆட்களுக்கும் ஒரு வழி சொல்லு, உனக்கு மட்டும் கேட்காதே என்றேன். கடைசியாக, பிரதிகள். "பிரதி போடாத கடிதம் மேசை லாச்சிக்குள்ள தூங்கும். இன்னார் இன்னாருக்கும் போயிருக்கு எண்டு கீழ எழுதினாத்தான் மேசைக்கு வரும்" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா?

முடிவில் மனு இப்படித் தொடங்கியது.

"இந்த பஸ் பழையது. சத்தம் அதிகம். சில நாட்களில் நடுவழியில் சூடாகி நின்றுவிடும். ஆனாலும் வருகிறது. இது போனால் எங்களுக்கு வேறு இல்லை."

பதினெட்டுப் புள்ளி போட்டேன். இருபதும் போட்டிருப்பேன், கையெழுத்து சரியில்லை. ஆறு கிழமையில் டிப்போவில் இருந்து பதில் வந்தது: பஸ் அதே பாதையில் ஓடும். வகுப்பில் ஒரே சத்தம். நானும் கை தட்டினேன். அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

ரெண்டு மாதம் கழித்து என்னுடைய இடமாற்றக் கடிதம் வந்தது. அடுத்த தவணையில் இருந்து தில்லையடியில், ஷஸ்னா படிக்கிற அதே பள்ளிக்கூடம். வாசித்துவிட்டுக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அடுத்த நாள் ஆசிரியர் அறைக்கு ஒரு பெட்டி மஸ்கட் இனிப்பு வாங்கிக்கொண்டு போனேன். பதினைந்து நிமிஷத்தில் பெட்டி காலி. ஒன்பதாம் வகுப்பிலும் சொன்னேன். அவர்கள் கை தட்டவில்லை. பிள்ளைகளுக்குக் கவலை என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

மூன்று கிழமைக்குப் பிறகு பதியுதீன் சேர் கூப்பிட்டார். கதிரையைக் காட்டினார். தண்ணீர்ப் போத்தலை என் பக்கம் தள்ளி வைத்தார். அவர் தண்ணீர் தருகிறார் என்றால் நல்ல செய்தி இல்லை.

வலயக் கல்விக் காரியாலயத்தில் இருந்து ஒரு கடிதம். மாணவர்களும் பெற்றோரும் கொடுத்த மனுவைக் கவனத்தில் எடுத்து, மேற்படி ஆசிரியையின் இடமாற்றம் விசாரணை முடியும் வரை நிறுத்தி வைக்கப்படுகிறது. மனுதாரர் மனுவை மீளப் பெற்றால் மட்டும் இடமாற்றம் சொன்ன திகதியில் நடைமுறைக்கு வரும். கடிதத் திகதியில் இருந்து பதினான்கு நாள் அவகாசம். பின்னால் மனுவின் பிரதி.

வாசித்தேன்.

"இந்த ஆசிரியை கோபக்காரர். சத்தம் அதிகம். சில நாட்களில் பாடத்தின் நடுவில் சூடாகி நின்றுவிடுவார். ஆனாலும் வருகிறார். இது போனால் எங்களுக்கு வேறு இல்லை."

யா ரப்பே! "இவர்" என்று மாற்றக்கூட மறந்துவிட்டார்கள்.

அதோடு விட்டார்களா? கடந்த வருஷம் நான் வராதது இரண்டே நாள் என்று எழுதியிருந்தது. அதில் ஒரு நாள் பஸ் வராத நாள், பார்க்க முன்னைய மனு என்று அடைப்புக்குள் இருந்தது. நான் வருவதற்கு முதல் ரெண்டு வருஷம் குடியியலை விளையாட்டு சேர் பார்த்தார், அந்த ரெண்டு வருஷமும் அப்போது படித்த அக்காமார் எல்லோரும் வலைப்பந்து விளையாடினார்கள் என்று இருந்தது. தில்லையடியில் இந்தப் பாடத்துக்கு ஏற்கனவே மூன்று பேர் இருக்கிறார்கள், ஆகையால் அவர்களுக்கு நட்டம் இல்லை என்று இருந்தது. கீழே ஆறு பிரதிகள்.

"நல்லா எழுதியிருக்காங்க" என்றார் சேர். "யாரு படிப்பிச்சது?"

நான் தண்ணீரைக் குடித்தேன்.

வகுப்புக்கு எப்படிப் போனேன் என்று தெரியாது. முப்பத்தொரு பேரும் எழும்பி நின்றார்கள். இருங்கள் என்று சொல்லவில்லை.

"யாரைக் கேட்டு இதை எழுதினீங்க?"

நஸ்லியா மெதுவாகச் சொன்னாள். "நீங்க திருத்தினதுதானே டீச்சர்."

"அது பஸ்ஸுக்கு!"

"ஓம் டீச்சர். நல்ல மனு எதுக்கும் பொருந்தணும் எண்டு நீங்கதான் சொன்னீங்க."

சொன்னேன்தான். எந்த நேரத்தில் சொன்னேனோ.

"மற்றப் பக்கத்தையும் கேட்கணும் எண்டும் சொன்னேனே, அது எங்க போச்சு? என்னைக் கேட்டீங்களா? எனக்கு ஒரு புள்ள இருக்கு. ஆறு வயசு. அது எழும்ப முதல் நான் பஸ்ஸில. ஒரு நாள், ஒரே ஒரு நாள் அதைக் கையைப் புடிச்சு ஸ்கூலுக்குக் கொண்டு விட்டதில்ல. நாலு வருஷமா இந்தக் கடிதத்துக்காக நான் காத்துக்கிட்டு இருந்தேன். நீங்க மூணு கிழமையில நிறுத்திட்டீங்க!"

என் சத்தம் பக்கத்து வகுப்பு வரைக்கும் போயிருக்கும். பதினொரு வருஷத்தில் நான் வீட்டுக் கதை எதுவும் வகுப்பில் சொன்னதில்லை. என்னைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது பஸ்ஸும் சிவப்புப் பேனையும்தான்.

"புள்ளைட பேர் என்ன டீச்சர்?" என்று டிலக்சன் கேட்டான்.

"ஷஸ்னா."

பிறகு நஸ்லியா கேட்டாள். குத்திக் கேட்கவில்லை, விளங்காததைக் கேட்கிற மாதிரித்தான் கேட்டாள்.

"டீச்சர், உங்களுக்கு வருஷத்துக்கு நாப்பத்தொரு நாள் லீவு இருக்கு எண்டு தொழில் உரிமைப் பாடத்தில சொன்னீங்க. நீங்க எடுத்தது ரெண்டு. மிச்சத்தில ஒரு நாளைக்கு ஏன் கொண்டு விடல்ல?"

"லீவு எடுத்தா வரவு குறையும். வரவு குறைஞ்சா..." என்று தொடங்கினேன். வரவு குறைந்தால் சிபாரிசு வராது, சிபாரிசு வராவிட்டால் இடமாற்றம் வராது, இடமாற்றம் வராவிட்டால் புள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு விட முடியாது. சொல்லி முடிக்க முதலே எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. புள்ளையோடு இருக்கிற நாளை வாங்குவதற்காகப் புள்ளையோடு இருக்கக்கூடிய நாளை எல்லாம் கொடுத்திருக்கிறேன். அந்த நாளை எல்லாம் எண்ணித்தான் இவர்கள் மனுவில் எழுதியிருக்கிறார்கள். என் பின்னால் கரும்பலகையில் போன கிழமை நான் எழுதிய அமையச் செலவு அழிக்காமல் கிடந்தது.

"இருங்க" என்றேன். இருந்தார்கள். நானும் இருந்தேன்.

அடுத்த நாள் லீவு போட்டேன்.

ஷஸ்னா ஆறு மணிக்கு எழும்பி என்னைப் பார்த்து, "பஸ் வரல்லியா?" என்று கேட்டாள். தலை சீவ உட்கார வைத்தேன். வகிடு எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. "மாமி இப்பிடி எடுக்கிறல்ல" என்று ரெண்டு தரம் சொன்னாள். மூன்றாம் தரம் சொல்லவில்லை, பொறுத்துக்கொண்டாள். றைஸா குசினி வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கையைப் பிடித்துக்கொண்டு போனோம். வாசலில் நின்ற டீச்சர் ஷஸ்னாவைப் பார்த்துச் சிரித்தார். என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டார்.

"புள்ளைட உம்மா."

அவர் முகத்தில் ஒரு தடுமாற்றம். "அப்ப தினம் வாறவங்க?"

"மாமி" என்றாள் ஷஸ்னா.

கேட்டதில் பிழை இல்லை. யாரென்று தெரியாதவர்களிடம் பிள்ளையைக் கொடுக்கக் கூடாது என்று நானே படிப்பித்திருக்கிறேன். ஆனால் திரும்பி வரும் வழியில் ஒரு கடை வாசலில் நின்று, தேவையில்லாத ஒரு சவர்க்காரம் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் வகுப்புக்குப் போனபோது நஸ்லியா ஒரு கொப்பித்தாளை நீட்டினாள். நான் இல்லாத நாளில் வாக்கெடுப்பு நடத்தியிருக்கிறார்கள். பால்மா டின்னில் துண்டு போட்டு, இரகசியமாக. மனுவை மீளப் பெறப் பதினேழு, கூடாது என்று பதினாலு.

"நான் கூடாது எண்டுதான் போட்டேன் டீச்சர்" என்றான் டிலக்சன்.

"இரகசிய வாக்குடா அது."

"ஓம் டீச்சர். அதுதான் உங்களுக்கு மட்டும் சொல்றேன்" என்று முப்பது பேருக்கும் கேட்கச் சொன்னான்.

தாளில் இருந்தது மீளப் பெறும் கடிதம். அனுப்ப முதல் திருத்தித் தரச் சொன்னார்கள். சிவப்புப் பேனையை எடுத்தேன்.

"எமது மனுவை மீளப் பெறுகிறோம். அதில் எழுதிய எதுவும் பொய் அல்ல. இந்த ஆசிரியை கோபக்காரர். சத்தம் அதிகம். ஆனாலும் இரண்டு நாள் தவிர எல்லா நாளும் வந்தார். அவருக்கு ஆறு வயதில் ஒரு பிள்ளை இருப்பது மனு எழுதும்போது எங்களுக்குத் தெரியாது. அந்தப் பிள்ளையிடம் நாங்கள் கேட்கவில்லை. எங்கள் நட்டம் குறையவில்லை. ஆகையால் குடியியலுக்கு வேறு ஓர் ஆசிரியரைத் தரவும்."

எழுத்துப் பிழை இல்லை. திகதி, இலக்கம், விலாசம் எல்லாம் சரி. கீழே பார்த்தேன். பிரதிகள் இல்லை. ஒன்றுகூட இல்லை.

நஸ்லியாவைப் பார்த்தேன். அவள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை நிறுத்திய மனுவில் ஆறு பிரதி போட்ட பிள்ளை இது. பிரதி இல்லாத கடிதம் எங்கே தூங்கும் என்று அவளுக்குத் தெரியும். பதினான்கு நாளில் ஐந்து ஏற்கனவே போய்விட்டது.

"பிரதிகள் எங்க?"

"மறந்துட்டேன் டீச்சர்." சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது. இப்படி ஒருத்தியை இனி எங்கே போய் நான் படிப்பிக்க?

ரெண்டு புள்ளி வெட்டினேன். பதினெட்டு.

"எழுது" என்றேன். நான் சொல்லச் சொல்ல எழுதினாள். பணிப்பாளர், அதிபர், ரெண்டு பள்ளிக்கூடத்து அபிவிருத்திச் சங்கமும். நாலாவது முடிந்ததும் பேனையை வைக்கச் சொன்னேன். அவள் வைக்கவில்லை. ஐந்தாவதாகத் தானே ஒன்று எழுதினாள்: "ஷஸ்னா, முதலாம் வகுப்பு."

"இது என்னத்துக்கு?"

"பாதிக்கப்படுற ஆளுக்கும் பிரதி போகணும் எண்டு சொன்னீங்களே டீச்சர்."

அன்றைக்கு மூன்றரைக்கு வீட்டுக்கு வந்து, அந்தப் பிரதியை ஷஸ்னாவின் கையில் கொடுத்தேன். உனக்கு வந்த கடிதம் என்றேன். அவளுக்கு இன்னும் சரியாக வாசிக்கத் தெரியாது. என்னைத் தாண்டிக் குசினிக்குள் ஓடினாள்.

"வாசிங்க மாமி."

றைஸா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, மெதுவாக வாசித்தாள். ஷஸ்னா வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லா நாளும் வந்த அந்த டீச்சர் யாரு மாமி?"

"உங்கட உம்மா."

ஷஸ்னா திரும்பி வாசலில் நின்ற என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு மாமியிடம்தான் கேட்டாள்.

"எனக்கும் வருவாங்களா?"

றைஸா தாளை மடித்து என் பக்கம் நீட்டினாள். ஓம் என்று நான் சொன்னேன், பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.